இரண்டு ஊர் கேட்ட ‘ட்டிக்’

ஹேல்ஸ்பரோ பேஸ்பால் அணியின் கேட்சர் ரூஃபஸ் ட்விட்செலுக்கு முன்பற்கள் நான்கு கிடையாது. மூன்றைப் பந்து கொண்டுபோனது. நான்காவது, தனியாக இருக்கப் பிடிக்காமல் தானே கிளம்பிவிட்டது என்று அவன் சொல்வான்.

அது 1879. மாசச்சூசெட்ஸில், மட்டை வீசுகிறவனுக்குப் பின்னால் நிற்கிற கேட்சர்கள் வெறுங்கையால் பந்து பிடித்துக்கொண்டிருந்த காலம். முகத்துக்குக் கம்பிக்கூடு கடைக்கு வந்துவிட்டது. ஆனால் அதை மாட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கினால், “கோழி இன்னிக்கு முட்டை போட்டுச்சா?” என்று கூட்டத்திலிருந்து விசாரிப்பார்கள். ரூஃபஸ் ரோஷக்காரன். முகம் போனாலும் பரவாயில்லை, முகத்தைப் பார்த்து யாரும் சிரித்துவிடக்கூடாது என்பது அவன் கொள்கை. அவன் கைவிரல்களில் எந்த இரண்டும் ஒரே திசையைப் பார்க்காது. வெளியூர்க்காரர் யாராவது அவனிடம் வழி கேட்டு, அவன் கையை நீட்டிக் காட்டினால், கேட்டவர் குழம்பிப்போய் வந்த வழியே திரும்பிவிடுவார்.

நான் வலது மூலையில் நின்றவன். கல்லூரி மாணவர்கள் கோடையில் சம்பளத்துக்குப் பந்தாடக்கூடாது என்பது விதி. அதனால் எல்லோரும் வேறு பெயரில் ஆடினார்கள். அணியில் ஏற்கெனவே இரண்டு ஜோன்ஸ்கள் இருந்தபடியால் எனக்கு பிரவுன் கிடைத்தது. வலது மூலைக்குப் பந்து அதிகம் வராது. வந்தாலும் என்னால் அதற்கு எந்த ஆபத்தும் இல்லை. ஆகவே வேடிக்கை பார்க்க எனக்கு நிறைய நேரம் இருந்தது.

ஹேல்ஸ்பரோவில் காலணி செய்கிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் டன்மோரில் தொப்பி செய்கிறார்கள். இரண்டு ஊருக்கும் இதைவிடப் பெரிய பகை தேவைப்படவில்லை. அவர்கள் எங்களை ‘காலடி’ என்பார்கள். நாங்கள், தொப்பிக்குள்ளே என்ன இருக்கிறது என்று கேட்போம். டன்மோர் தொப்பியை எங்கள் ஊரில் ஒருவன் தலையில் வைத்துக்கொண்டு போனால் அவன் வீட்டுச் சாவுக்கும் கூட்டம் வராது.

ரூஃபஸின் புகழ் பந்து பிடிப்பதில் இல்லை. சத்தத்தில் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விதி தெரிந்தால் போதும். மட்டையை வீசுகிறவன் பந்தைத் தவறவிட்டால் அது வெறும் ஸ்ட்ரைக். அவன் இன்னும் நின்று ஆடலாம். ஆனால் பந்து மட்டையில் துளி உரசி வந்து, அதைக் கேட்சர் பிடித்துவிட்டால் ஆள் அவுட். வீட்டுக்குப் போக வேண்டியதுதான். உரசியதா இல்லையா என்பதற்கு ‘ட்டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம்தான் சாட்சி.

ரூஃபஸ் நாக்கைப் பல் இல்லாத இடத்தில் வைத்து வெடுக்கென்று இழுப்பான். ‘ட்டிக்.’ ஆஷ் மரத்து மட்டையே அவ்வளவு நன்றாகச் சொல்லாது. மட்டை வீசியவனே சில சமயம் குழம்பி, பட்டிருக்குமோ என்று மட்டையைத் திருப்பிப் பார்ப்பான்.

எங்கள் கேப்டன் ஹைரம் டக்கெட்தான் பந்து எறிகிறவரும். வாயில் எப்போதும் புகையிலை. “என் பந்துல பாதிப்பேர் அவுட், அவன் நாக்குல பாதிப்பேர் அவுட்” என்று நியாயமாகவே பங்கு பிரிப்பார்.

இரண்டு ஊருக்கும் பொதுவான அம்பயர் டாக்டர் லைமன் ஸ்டாரெட். பல் டாக்டர். ஆற்றின் இரு கரையிலும் அவரைவிட்டால் வேறு பல் டாக்டர் கிடையாது. நேர்மைக்குப் பெயர் போனவர். சொந்த மைத்துனனையே அவுட் கொடுத்து, கிறிஸ்துமஸ் விருந்து இல்லாமல் ஒரு வருடம் ஓட்டினவர். அவர் தீர்ப்பை எதிர்த்து யாரும் பேசுவதில்லை. என்றாவது ஒருநாள் அவருடைய நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார வேண்டிவரும் என்பதை எல்லோரும் நினைவில் வைத்திருந்தார்கள்.

ரூஃபஸ் காதலித்தது இந்த டாக்டரின் மகள் அடாவை.

ஜூலை மாதம் அவன் பெண் கேட்கப் போனான். படித்தவன் பக்கத்தில் நின்றால் ஒரு கெத்து என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான். டாக்டர் யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“டாக்டர், நான் அடாவைக் கட்டிக்க ஆசைப்படுறேன்.”

டாக்டர் துண்டில் கையைத் துடைத்தார். “வாயைத் திற.”

“ஐயா, நான் கல்யாண விஷயமா...”

“நானும் அதைத்தான் பேசறேன். திற.”

திறந்தான். டாக்டர் விளக்கைக் கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தார். காலியாகக் கிடக்கும் வீட்டை வாங்க வந்தவர் போல நாலு மூலையும் பார்த்தார்.

“ரூஃபஸ், நீ நல்ல பையன். ஆனா நான் பல் டாக்டர். என் மாப்பிள்ளையா நீ சர்ச்சுல வந்து உக்காந்து பாடும்போது ஊரே உன் வாயைப் பார்க்கும். நான் அப்புறம் என்ன சொல்லி நாலு பேருக்குப் பல் கட்டுறது?”

“பல்செட் கட்டிக்கிறேன், டாக்டர்.”

“நானே செய்யறேன். அது ஒண்ணு.” துண்டை மடித்து வைத்தார். “இன்னொண்ணு. அந்த ஓட்டையை வச்சு நீ ஏதோ சத்தம் போடறேன்னு டன்மோர்காரங்க சொல்றாங்க. ஆதாரம் இல்லாம நான் எதையும் நம்பமாட்டேன். ஆனா என் மைதானத்துல ஒரு பொய்ச் சத்தம் உன்கிட்டேருந்து வந்ததுன்னு தெரிஞ்சுது, இந்த வாசப்படி உனக்கில்ல. புரியுதா?”

வாய் மறுபடியும் திறந்தே நின்றுவிட்டதால் ரூஃபஸால் தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது.

வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டான். “பிரவுன், பல்லு வந்துட்டா சத்தமே வராதுடா. அப்ப பொய்யும் இல்ல, ஒண்ணும் இல்ல. நல்லதுக்குத்தான்.”

டக்கெட்டுக்கு இது நல்லதாகப் படவில்லை. “பல்லைக் கட்டிட்டா நீ வெறும் கேட்சர்தான்டா! கேட்சர் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பான். பல்லில்லாத கேட்சர் கிடைப்பானா?”

“எனக்கு அடா வேணும், கேப்டன்.”

“அடாவுக்கு முப்பத்திரண்டு பல்லு இருக்கே, போதாதா? வீட்டுக்கு ஒருத்தர் கடிச்சா பத்தாதா?”

டாக்டர் அந்தப் பல்செட்டை உயிரைக் கொடுத்துச் செய்தார். செய்து முடித்ததும் தன் கடைக் கண்ணாடி அலமாரியில் பச்சை வெல்வெட்டின்மேல் வைத்தார். கீழே ஓர் அட்டை: ‘திரு. ரூஃபஸ் ட்விட்செல் அவர்களின் பற்கள்.’ ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. அந்த வாரம் ரூஃபஸைத் தெருவில் பார்த்தவர்கள், “உன் பல்லைப் பார்த்தேன், நல்லா இருக்கு. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்று விசாரித்தார்கள். டன்மோரிலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, தங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று சொல்லிவைத்துவிட்டுப் போனார்கள்.

டன்மோரோடு கடைசி ஆட்டத்தன்று காலையில் டாக்டர் அதைத் தம் கையாலேயே மாட்டிவிட்டார். அந்த ஆட்டத்தில் ஜெயிப்பவருக்குத்தான் வெற்றிக்கொடி. ரூஃபஸுக்குக் கொடி முக்கியமில்லை. ஆட்டம் முடிந்ததும் டாக்டர் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

டன்மோர்க்காரர்கள் சந்தோஷமாக வந்தார்கள். ஓட்டை அடைபட்டுவிட்டது. அவர்கள் கேப்டன் சைலஸ் பிராக், கதவு அகலத்துக்குத் தோள் உள்ள மனிதர், ரூஃபஸின் வாயை அருகில் வந்து எட்டிப் பார்த்தார். “ஆஹா, கதவு போட்டாச்சு. இனிமே திருட்டுக் காத்து வராது” என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார். அடா வழக்கம்போல, மட்டை பிடிக்கும் இடமான ஹோம் பேஸுக்குப் பின்னால் மேப்பிள் மரநிழலில் உட்கார்ந்திருந்தாள்.

முதல் டன்மோர்க்காரன் மட்டையை வீசினான். காற்றைத்தான் அடித்தான். பந்து ரூஃபஸின் கையில் பொத்தென்று விழுந்தது.

‘ட்டிக்.’

டாக்டர் கையைத் தூக்கினார். “அவுட்!”

டன்மோர்க்காரன் எதிர்த்து என்ன சொல்வான்? ஓட்டையினால் சத்தம் வருகிறது என்று ஊர் ஊராகச் சொன்னவர்கள் அவர்கள்தான். இப்போது ஓட்டை இல்லை. மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவன். அதே ‘ட்டிக்.’ அவுட்.

நாங்கள் மட்டை பிடிக்கும் முறை வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது டக்கெட் ரூஃபஸைக் கட்டிப்பிடித்தார். “டேய்! பல்லு கட்டினா தொழில் போச்சுன்னு நெனச்சேன். முன்னைக்கு இப்ப இன்னும் சுத்தமா வருதேடா!”

ரூஃபஸின் முகம் வெளுத்திருந்தது. “நான் பண்ணல, கேப்டன். அதுவா பண்ணுது.”

“எது?”

“பல்லு. பந்து கையில விழுந்தா உடம்பு அதிருது. உடம்பு அதிர்ந்தா அது மேல இருந்து கீழே விழுது. நான் தாடையை இறுக்கிப் பிடிச்சுத்தான் பார்த்தேன். இறுக்கினா இன்னும் சத்தமா விழுது.”

டக்கெட் யோசித்தார். புகையிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். “நீ பண்ணலேல்ல?”

“இல்ல.”

“அப்ப அது பொய் இல்ல. பொருளோட குணம். விடு.”

“டாக்டருக்குத் தெரிஞ்சா?”

“டாக்டர் செஞ்ச பல்லுதானே? டாக்டர் அவுட் குடுக்குறார், டாக்டர் பல்லு அவுட் கேக்குது. குடும்ப விஷயம். நமக்கென்ன?”

கல்லூரியில் தர்க்கம் படித்த எனக்கு இதில் ஏதோ தவறு இருப்பதாகப் பட்டது. ஆனால் எங்கே என்று சொல்ல முடியவில்லை. அடுத்த பரீட்சையிலும் இதே நிலைதான்.

அதற்குப் பிறகு ரூஃபஸ் பந்தை மெத்தையில் குழந்தையை வாங்குவது போல வாங்கினான். கையைப் பின்னால் இழுத்து, முழங்காலை மடக்கி, உடம்பு அதிராமல். சத்தம் நின்றது. ஆட்டம் அப்படியே ஊர்ந்து கடைசிக் கட்டத்துக்கு வந்தது. நாங்கள் ஒரு ரன் முன்னால். டன்மோருக்கு இரண்டு பேர் அவுட்; இன்னும் ஒருவர் போனால் ஆட்டம் முடிந்தது. மூன்றாவது பேஸில் ஓர் ஆள் ஹோம் பேஸுக்கு ஓடிவந்து ரன்னைச் சமனாக்கத் தயாராக நின்றான். மட்டையோடு வந்தவர் சைலஸ் பிராக்.

டக்கெட் தன் பலத்தையெல்லாம் திரட்டி எறிந்தார். பிராக் வீசின வேகத்தில் என் மூலைவரைக்கும் காற்று வந்தது. பந்து மட்டையில் படவில்லை. அந்த வேகத்தில் ரூஃபஸால் மெத்தை போட முடியவில்லை. பந்து உள்ளங்கையில் அறைந்தது.

‘ட்டிக்!’

அன்றைக்குக் கேட்டதிலேயே பெரியது. மரநிழலில் இருந்த குதிரை ஒன்று திரும்பிப் பார்த்தது.

எங்கள் ஊர் எழுந்து தொண்டை கிழியக் கத்தியது. டன்மோர் எழுந்து அதைவிட அதிகமாகக் கத்தியது. டாக்டரின் கை பாதி தூரம் எழும்பி அப்படியே நின்றது. பிராக் மட்டையைத் தரையில் போட்டார்.

“டாக்டர், பைபிள் கொண்டாங்க! எனக்கும் அந்தப் பந்துக்கும் நடுவுல ஒரு மாட்டுவண்டி போகும்! படவே இல்ல!”

“அப்ப எதுய்யா கத்துச்சு? உன் முழங்காலா?” என்றார் டக்கெட்.

வலது மூலையில் எனக்கு வேலை எதுவும் இல்லாததால் நானும் ஓடிவந்து கூட்டத்தில் கலந்தேன். அந்தக் காலத்து அம்பயருக்கு ஒரு வழக்கம் உண்டு. சந்தேகம் வந்தால் ஆட்டக்காரனையே கேட்கலாம். டாக்டர் தொண்டையைச் செருமினார்.

“ரூஃபஸ் ட்விட்செல். பந்து மட்டையில பட்டுச்சா?”

ரூஃபஸ் கொடியைப் பார்த்தான். டக்கெட்டைப் பார்த்தான். டக்கெட் கண்ணாலேயே கெஞ்சினார், பிறகு கண்ணாலேயே மிரட்டினார். ரூஃபஸ் மேப்பிள் மரத்தடியைப் பார்த்தான். அடா சும்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“படல, டாக்டர்.”

டக்கெட் புகையிலையை விழுங்கிவிட்டார்.

“படலேன்னா அந்தச் சத்தம் எங்கேருந்து வந்துச்சு?” டாக்டரின் குரல் கல்லானது. “உன்கிட்டேருந்தா?”

“என்கிட்டேருந்துதான். ஆனா என்னோடது இல்ல, டாக்டர்.” ரூஃபஸ் குரலைத் தாழ்த்தினான். “உங்களோடது.”

“என்ன?”

“நீங்க செஞ்சது. வீட்ல போய்ப் பேசிக்கலாமே, டாக்டர்?”

“இங்கேயே சொல்லு!”

“பல்செட்டு ஆடுது, டாக்டர்.”

அதைச் சொல்லும்போதும் அது ஆடியது. ‘ட்டிக்.’ முன்வரிசை முழுக்கக் கேட்டது.

டன்மோரில் பல்செட்டுக்குச் சொல்லிவைத்திருந்த ஒருவர், சொல்லியதை யோசிக்க வேண்டும் என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். டாக்டரின் முகம் சிவந்து, காது வரைக்கும் பரவியது. அவுட் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவர் கைவேலைக்குக் களங்கமில்லை. அவுட் இல்லை என்றால் இரண்டு ஊர் முன்னால் அந்தப் பச்சை வெல்வெட்டின் மானம் போய்விடும். கோட்டுப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

“வாயைத் திற.”

ஹோம் பேஸின் மேலேயே, கொளுத்துகிற வெயிலில், பரிசோதனை நடந்தது. இரண்டு அணியும் சுற்றி நின்று எட்டிப் பார்த்தது. பிராக் தலையை உள்ளே நுழைத்து, “இடது பக்கம் தூக்கிட்டு நிக்குது, டாக்டர்” என்று யோசனை சொன்னார். “தள்ளுய்யா, வெளிச்சத்தை மறைக்காதே” என்றார் டாக்டர்.

நீண்ட நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

“பல்செட் ரொம்பச் சரியா இருக்கு. அவன் தாடைதான் தப்பா இருக்கு.” சற்றுப் பொறுத்து, சின்னக் குரலில், “இருந்தாலும் ஆடுது” என்றார். பல்செட்டைக் கழற்றினார், கைக்குட்டையில் சுற்றினார், கோட்டுப் பையில் போட்டுப் பித்தானையும் பூட்டினார். “அவுட் இல்லை! வெறும் ஸ்ட்ரைக்! ஆட்டம் நடக்கட்டும்!”

டன்மோர்க்காரர்கள் தொப்பிகளை வானத்துக்கு வீசினார்கள். அவர்களிடம் தொப்பிக்குப் பஞ்சமில்லை. பிராக், முன்பு போன இரண்டு அவுட்டையும் திருப்பித் தரும்படி கேட்டார். “பிடுங்கினது பிடுங்கினதுதான், நின்னு ஆடு” என்று டாக்டர் தொழில்முறையில் பதில் சொன்னார். எங்கள் ஊர்க்காரர்கள் ரூஃபஸைப் பார்த்த பார்வையில் புதுக் காலணித் தோல் பதப்பட்டுவிடும்.

நான் வலது மூலைக்கு நடந்தேன். டக்கெட் மறுபடி எறிந்தார். பிராக் மறுபடி வீசினார்.

‘ட்டிக்.’

ரூஃபஸின் கையில் பந்து.

டாக்டரின் கை முழுசாக மேலே போனது.

“அவுட்! ஆட்டம் முடிஞ்சுது!”

“டாக்டர்! அவன் வாய்!” என்று பிராக் அலறினார். “ஓட்டை திறந்து கிடக்கு பாருங்க! இப்ப நாக்கால போட்டான்!”

டாக்டர் கோட்டுப் பையைத் தட்டிக் காட்டினார். “ஆடுற பல்லு இங்க இருக்கு. மிச்சம் அந்த ஆள்கிட்ட இருக்கறது நேர்மை. ரெண்டு நிமிஷம் முன்னாடி கொடியே போனாலும் பரவாயில்லன்னு உண்மையைச் சொன்னவன் அவன். அவன் பொய்ச் சத்தம் போடுவான்னு நீங்க சொல்றீங்களா, மிஸ்டர் பிராக்? உங்க கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை வரச்சொன்னேன், ஞாபகம் இருக்கா?”

பிராக்குக்கு ஞாபகம் இருந்தது. மட்டையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

எங்கள் ஊர் ரூஃபஸைத் தூக்கிக்கொண்டது. ஒவ்வொருவரும் வந்து முதுகில் தட்டி, ஒரு கண்ணைச் சிமிட்டினார்கள். டக்கெட்டுக்கு ஆனந்தக் கண்ணீர், அல்லது விழுங்கின புகையிலை. “என்ன மூளைடா! முதல்ல உண்மையைச் சொல்லி நம்ப வச்சு, அடுத்த பந்துல போட்டே பாரு! இதை நான் என் பேரப்பிள்ளைங்களுக்குச் சொல்வேன்!”

“கேப்டன், நெஜமாவே பட்டுச்சு!”

“பட்டுச்சு, பட்டுச்சு.” கண்ணடித்தார்.

“சத்தியமா! பாருங்க, திசை மாறி வந்ததுல விரல் பிசகிடுச்சு!” கையை நீட்டினான். நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். அந்தக் கையில் புதிதாகப் பிசகினது எது என்று கண்டுபிடிக்க மனிதனால் ஆகாது.

போகும்போது பிராக்கூட வந்து கைகுலுக்கினார். “நீ கலைஞன்ப்பா. தோத்தாலும் உன்கிட்ட தோத்தேன்னு சொல்லிக்குவேன்.”

ரூஃபஸ் அழுதுவிடுவான் போல இருந்தது. வாழ்நாளில் எத்தனையோ பொய்ச் சத்தத்தை ஊர் நம்பியிருக்கிறது. ஒரே ஒரு நிஜச் சத்தத்தை நம்ப டாக்டரைத் தவிர ஆளில்லை. “பிரவுன், நீயாவது நம்புறியா?” என்றான். நான் தூரத்தில் நின்றதாகச் சொன்னேன். அது உண்மை.

மேப்பிள் மரத்தடியில் டாக்டர் அவன் கையை எடுத்து அடாவின் கையில் வைத்தார். “செவ்வாய்க்கிழமை பிராக் போனப்புறம் வா. பல்லைச் சரி பண்றேன்” என்று சொல்லிவிட்டு, மைத்துனன் இருக்கும் பக்கமாக நடந்தார். அன்றைக்கு எல்லோரிடமும் சமாதானமாகிவிடும் மனநிலையில் இருந்தார்.

ரூஃபஸ் அடாவிடம் திரும்பினான். “நீயும் கண்ணடிக்கப் போறியா?”

“எதுக்கு? மட்டையில பட்டுச்சே.”

அவன் வாய் திறந்தபடி நின்றது. “நம்புறியா?”

“நம்பறது என்ன, தெரியும். நீ நாக்கால போடும்போதெல்லாம் உன் இடது காது ஆடும். வருஷம் பூரா உனக்குப் பின்னாலதானே உக்காந்திருக்கேன். அந்தக் கடைசிப் பந்துல ஆடவே இல்ல.”

“அப்ப... இத்தனை நாளும் உனக்குத் தெரியுமா? அப்பாகிட்ட சொல்லலியே?”

“அப்பா கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.” பாவாடையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள். “பொய் சொன்னா மட்டுமில்ல ரூஃபஸ், பொய் சொல்லலாம்னு நெனச்சாலே லேசா ஆடும். அப்பா பட்டுச்சான்னு கேட்டாரே, அப்ப ஒரு தடவை ஆடிச்சு. அப்புறம் நின்னுடுச்சு. அந்த நிமிஷம்தான் உன்னைக் கட்டிக்கிறதுன்னு முடிவு பண்ணேன்.”

ரூஃபஸின் கை தானாக இடது காதுக்குப் போனது. ஒரு முழுக் கல்யாண வாழ்க்கை அவன் கண்முன்னே விரிவதை நான் பார்த்தேன்.

அக்டோபரில் திருமணம். அதற்குப் பிறகும் பல வருடம் அவன் கேட்சராக இருந்தான். அடா சொன்னாள் என்று கம்பிக்கூடுகூட மாட்டிக்கொண்டான். டாக்டர் பல்செட்டை இழைத்துச் சரிசெய்து, அதே மாதிரி இன்னொன்றை வெல்வெட்டில் வைத்தார். அட்டையை மட்டும் மாற்றினார்: ‘இரண்டு ஊர் முன்னிலையில் பரிசோதிக்கப்பட்டது.’

கல்யாணத்துக்கு முந்திய வாரம் ரூஃபஸ் யாருக்கும் தெரியாமல் ஆற்றைக் கடந்து போனான். திரும்பி வரும்போது தலையில் டன்மோர் தொப்பி ஒன்று, கடையில் இருந்ததிலேயே பெரியது, இரண்டு காதையும் முழுசாக மூடிக்கொண்டிருந்தது. ஊரே பேச்சை நிறுத்தியது. அவன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

டாக்டர் வீட்டு வாசலில் நின்ற அடா கையை நீட்டினாள். “வீட்டுக்குள்ள தொப்பி எதுக்கு? கொண்டா இங்க.”